கிழங்குக் கொட்டகையில் இரண்டு கார்கள்

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இவ்ளோ நேரம் என்ன கேட்டுட்டு இருந்தீங்க?" என்றார் மோதெகி கினுயோ.

நாவோ அப்போதுதான் வழிபாட்டு மாடத்தின் முன்னிருந்து முழங்காலிலேயே திரும்பியிருந்தாள். ஊதுபத்தி வைத்து, சின்ன மணியைத் தட்டி, படத்தில் இருந்த, இறந்துபோன மனிதரை வணங்கி, தான் டோக்கியோவில் ஒரு பழைய கார் கடையில் வேலை பார்ப்பவள் என்று முணுமுணுத்து முடித்திருந்தாள்.

"கார்களை எங்ககிட்ட ஒப்படைக்கணும்னு வேண்டிக்கிட்டேன், அம்மா."

"அவரு என்ன சொன்னாரு?"

நாவோ படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. லைசென்ஸே எடுத்ததில்ல. பஸ்ல மலை ஏறினா ரெண்டாவது வளைவுலயே பை கேப்பாரு. உயிரோட இருந்தப்போ கார்னாலே வயித்தப் பொரட்டும். இப்பவாவது நிம்மதியா இருக்கட்டும்னா, நீங்க வந்து காரப் பத்தியே பேசுறீங்க."

"மன்னிச்சுக்குங்க. அப்போ அந்தக் கார் ரெண்டும் உங்க மாமனாரோடதா?"

"அவரு கடைசி வரைக்கும் சைக்கிள்ல போன மனுஷன்."

"கொழுந்தனார் யாராவது..."

கினுயோ தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "கேளுங்க, கேளுங்க. எங்க குடும்பத்துல இன்னும் ரெண்டு சித்தப்பாக்கள் இருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆம்பளைங்களும் இருக்காங்க. எல்லாரையும் கேட்டு முடிச்சப்புறம் நான் இருப்பேன், என்னையும் கேளுங்க."

நாவோவின் முகம் சிவந்தது. அவள் பாய்மேல் தலை படக் குனிந்தாள். குனிந்தபடியே, "அந்தக் கார்கள் உங்களோடதா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் சரியான ஆள்கிட்ட வந்திருக்கீங்க" என்றார் கினுயோ. "கார் விலைக்கு இல்ல. தேநீர் ஆறிடும், குடிங்க."

தவறு நாவோவுடையது மட்டுமல்ல. அவளுடைய முதலாளி கமதா சொல்லிக்கொடுத்த முறை அதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒதுங்கிக் கிடக்கும் வீட்டுக்குப் போனால் முதலில் இனிப்புப் பெட்டி, அடுத்து இறந்த ஆம்பளைக்கு ஊதுபத்தி, காரைத் தரச் சொல்லி அவர் படத்திடம் ஒரு வேண்டுதல். பின்னால் உட்கார்ந்து கேட்கும் விதவையின் கண் கலங்கிவிடும், பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும் என்பார். இதுவரை பல வீடுகளில் முடிந்தும் இருக்கிறது.

நாவோ அந்த வீட்டைக் கண்டுபிடித்தது மண்ணெண்ணெய்க்காரர் ஒருவரின் புலம்பலால். கும்மா மாவட்டத்தின் மலைப்பக்கத்து ஊர்களில் கொன்யாக்குக் கிழங்கு பயிராகிறது. நம் சேனைக்குப் பங்காளி. அதன் விதைக்கிழங்கு உறைபனி தாங்காது. அறுவடையானதும் காயவைத்துத் தட்டுகளில் அடுக்கி, குளிர்காலம் முழுவதும் அடுப்பு எரியும் கொட்டகையில் வைத்திருப்பார்கள். பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு எண்ணெய் போட நின்றபோது அந்த மண்ணெண்ணெய்க்காரர், "மோதெகி வீட்டுக் கிழவி கிழங்கு போடறத விட்டு வருஷமாச்சு. ஆனா கொட்டகைக்கு எண்ணெய் மட்டும் நின்னபாடில்ல. காலி ரூமுக்குக் குளிருதாம்" என்று சொல்லிச் சிரித்தார். நாவோ சிரிக்கவில்லை. ஈரமும் இல்லாமல் உறைபனியும் இல்லாமல் ஓர் இடத்தை யார், எதற்காகக் காப்பாற்றுவார்கள் என்று யோசித்தாள். கொட்டகையின் பின்ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது விரிப்பு போர்த்திய இரண்டு கார்கள் தெரிந்தன.

தேநீர் முடிந்ததும் கினுயோ அவளைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். முன்பக்கம் முழுக்கக் காலித் தட்டுகள். அவற்றுக்குப் பின்னால், மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்த இரண்டு கார்கள். ஒன்று சின்ன, வெள்ளை, மேல்மூடி இல்லாதது. இன்னொன்று நீண்ட மூக்குள்ள ஆரஞ்சு வண்டி. இரண்டின்மேலும் பழைய படுக்கை விரிப்புகள். விரிப்பை நீக்கியபோது நாவோ துருவைத் தேடினாள். பழக்கம் அது. கதவின் அடி, சக்கர வளைவு, மிதியடிக்குக் கீழே. எங்கும் இல்லை. டயர்கள் மட்டும் வெடித்துக் காய்ந்த வயல்போல் இருந்தன.

"என்ஜின் இறுகிப் போயிருக்கும்" என்றாள் மெதுவாக.

"ஏன் இறுகணும்? மாசத்துக்கு ஒரு தடவ ஓட விடறேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் கிழங்கு காயவைக்கிற விசிறின்னு நெனச்சிட்டு இருக்காங்க."

"கிழங்கு விட்டப்புறமும் விசிறியா?"

"அதான் எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்களே. அதுவும் ஒரு வசதிதான்."

இளமையில் கினுயோ தகாசாகி நகரில் பேருந்து நடத்துநராக இருந்தவர். சீட்டு கிழித்த கையால் சம்பாதித்ததை எல்லாம் முதலில் வெள்ளை வண்டியிலும் பிறகு ஆரஞ்சு வண்டியிலும் போட்டார். விடுமுறை நாளில் மியோகி மலைச்சாலையில் ஆண்கள் கூடி ஓட்டும் இடத்துக்குப் போவார். ஐந்தடிகூட இல்லாத பெண். இருக்கையை முன்னால் இழுத்து ஆணியடித்து, மிதிகளில் மரத்துண்டு கட்டிக்கொண்டார். அங்கே அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் கீழே இறங்கும்போது அவருடைய பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள் என்பது அவர் சொன்ன கதை. நாவோ அதை நம்பினாள்.

மோதெகி வீட்டுக்கு மருமகளாக அவர் வந்ததும் ஆரஞ்சு வண்டியில்தான். மாமியார் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இந்தச் சத்தத்தக் கேட்டா கிழங்கு மண்ணுக்குள்ளயே அழுகிடும். வித்துடு."

"விக்க மாட்டேன்."

"அப்ப ஓட்டாத."

"சரி, ஓட்டல. ஆனா நீங்க தினம் கிழங்கு பாக்கப் போற எடத்துலதான் ரெண்டும் நிக்கும்."

அப்படியே நின்றன. மாமியார் சாகும்வரை தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் கிழங்குத் தட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கணவர் யசுஜி அமைதியானவர். விற்கச் சொன்னதில்லை. ஓட்டு என்றும் சொன்னதில்லை.

"மாமியார் போனப்புறம் ஓட்டியிருக்கலாமே" என்று நாவோ ஒருமுறை கேட்டாள்.

"மொதல்ல, புதுப் பொண்ணா இருந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்குன்னாங்க. அப்புறம், புள்ள பெத்தவளுக்கு இது எதுக்குன்னாங்க. இப்ப, இந்த வயசுலயான்னு கேக்கறாங்க. நடுவுல சரியான வயசு ஒண்ணு வரும்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நாவோ இப்படி அடிக்கடி போய்வர ஆரம்பித்திருந்தாள். வியாபாரத்துக்கு என்று கமதாவிடம் சொன்னாள். கினுயோ விற்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் கமதாவுக்குக் கார்களின் படங்களை அனுப்பியது அவள்தான். அது அவள் வேலை. கமதா கினுயோவிடம் பேசவில்லை. தகாசாகியில் இருந்த கினுயோவின் மகன் தகனோரியைப் பிடித்தார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். நாவோவும் அங்கே இருந்தாள். தகனோரி கெட்டவர் அல்ல. தாய் குட்டி லாரியை ஓட்டிக்கொண்டு மலையிறங்குவது நினைவுக்கு வந்தால் தூக்கம் வராதவர். அடுத்த மாதம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் முதியவர்கள் லைசென்சைப் போலீசிடம் திருப்பிக் கொடுக்கும் விழா. மாலை இல்லையே தவிர சான்றிதழ், பஸ் சீட்டு, ஊர்ச் செய்தித்தாளில் படம் எல்லாம் உண்டு. அவர் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தார்.

"அம்மா, லைசென்சக் குடுத்துட்டா அப்புறம் இந்தக் கார்கள் எதுக்கு? அப்பா ஞாபகமா ஒரு நல்ல எடத்துக்குப் போகட்டுமே."

"உங்க அப்பா ஞாபகமா ஒரு வாந்திப் பை இருக்கு. அத எடுத்துட்டுப் போ."

கமதா இதமாகக் குறுக்கே வந்தார். பழைய கார் கண்காட்சியில் முதல் வரிசையில் வைப்பதாகச் சொன்னார். பலகை வாசகம்கூடத் தயாராக இருந்தது: மறைந்த கணவர் உயிராய் நேசித்த கார்கள், கிழங்குக் கொட்டகையில் மனைவி காத்த காதல்.

"வாசிக்கிறவங்க அழுதுடுவாங்க, மோதெகி சான்."

"நான் இப்பவே அழுதுடுவேன் போல இருக்கு. அந்த ஆரஞ்சு வண்டியில ஏறி உக்காருங்க பாப்போம்."

கமதா எதுவும் புரியாமல் ஏறினார். ஏறியது பாதிதான். முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே போகவில்லை. வயிறு அதற்கு மேலே போகவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளக் கையால் தடவிப் பார்த்தார். அதில் ஆணியடித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் உங்களவிட அரை சாண் உயரம்" என்றார் கினுயோ. "மடிச்சு வெச்சுத்தான் ஓட்டினாருன்னு பலகையில சேத்துக்குங்க."

தகனோரி வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் குலுங்கின. கமதாவை வெளியே இழுக்க அவரும் நாவோவும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் கமதா விடுவதாயில்லை. தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "உண்மை எதுவா வேணா இருக்கட்டும். வாங்குறவங்களுக்குக் கதைதான் வேணும். பொம்பள ஓட்டின காருன்னா வேடிக்கையாத்தான் பாப்பாங்க. நாவோ, நீயே சொல்லு, கண்டுபிடிச்சது நீதானே."

நாவோ கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. கடையில் அவளுக்கு நிழல் என்றுதான் பெயர். தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் எதையும் கண்டுபிடிக்கல, கமதா சான். கார்கள் தொலையவே இல்லையே. சொந்தக்காரி பக்கத்துலயே இருந்தாங்க. நான்தான் வந்த அன்னைக்கு அவங்களுக்கு முதுகக் காட்டி உக்காந்தேன். அவங்க விக்கலைன்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா விக்கலதான்."

தகனோரி தாயைப் பார்த்தார். "ஆனா லைசென்ஸ், அம்மா? ஊர்ல சொல்லிட்டேனே."

"நீ சொல்லிட்டே. நான் சொல்லலையே. போன மாசம்தான் போய் வயசானவங்களுக்கான பரீட்சை எழுதினேன். ஓட்டியும் காட்டினேன். பக்கத்துல உக்காந்த வாத்தியார் இறங்கும்போது, வளைவுல கொஞ்சம் மெதுவா போகலாம்னு மட்டும் சொன்னாரு. தோத்தா நானே குடுத்திருப்பேன். தோக்கல."

கமதா எழுந்தார். காலணி மாட்டும்போது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நாவோவிடம் சொல்லுவார் என்றே எல்லாருக்கும் தோன்றியது. சொல்லவில்லை. தன் காருக்குப் போய் உட்கார்ந்து, அவளும் வரட்டும் என்று ஹாரனை ஒருமுறை அழுத்தினார், அவ்வளவுதான். அந்த வசந்தம் முடியும்வரை நாவோ அங்கே வேலை பார்த்தாள். பிறகு அவளாகவே விலகினாள்.

அந்த ஞாயிறு அவள் வாசலில் குனிந்து காலணி போட்டுக்கொண்டிருந்தபோது கினுயோ பின்னால் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை. உள்ளே இருந்த மகனுக்கும் கேட்கட்டும் என்றே பேசினார்.

"நாவோ, ஒரு உதவி செய்யணும். ஆரஞ்சு வண்டிக்கு நாலு டயர் வேணும். அந்த அளவு இந்தப் பக்கம் கெடைக்காது, உங்க கடையில இருக்கும். பிரேக்க டிராக்டர் மெக்கானிக் பாத்துட்டான். ஊர் ஆபீஸ்ல செகப்புக் கோடு போட்ட தற்காலிக நம்பர் தகடு தர்றாங்க, வண்டிச் சோதனை நெலையம் வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாம். சமுதாயக் கூடமும் அந்த வழியிலதான் இருக்கு. விழாவுக்கு என் பேரப் போட்டுட்டாங்க, தலையக் காட்டாம இருந்தா மரியாதை இல்ல. அதுக்கு முன்னாடி டயர் வந்து சேரணும். சும்மா வேணாம், வெலைக்குத்தான். பில்லுல யார் பேரு போடறதுன்னு உங்க முதலாளி கேட்டா, மோதெகி கினுயோன்னு போடச் சொல்லு."