கீச்சு ஷூவும் தறிக்குழியும்

குழந்தைச் செருப்பு வியாபாரத்தில், செருப்பைப் போட்டுக்கொள்ளப் போகிறவருக்குப் பேச்சு வராது. உதை மட்டும் நன்றாக வரும். ஒரு வயசுப் பிள்ளையின் காலை முதல் ஷூவுக்குள் நுழைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அஞ்சு விரலும் அஞ்சு திசைக்குப் போகும். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் நாற்பது வருஷமாக அந்த உதையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாப்பா உதைத்ததில் என் மூக்குக் கண்ணாடி பறந்து எதிர் பூக்கடையில் விழுந்து, மல்லிகையோடு சேர்த்துக் கட்டப்பட்டு ரெண்டு முழமாக விற்றும் போய்விட்டது.

வியாபாரத்துக்காக நானும் நாலு கதை விடுவேன். அதில் ஒன்று ஒரு பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கையில் வந்த அளவு

களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர் மகனுக்கு முதல் ஷூ வாங்க வந்தார். மகன் வரவில்லை, அளவு மட்டும் வந்திருந்தது. தூங்குகிற பிள்ளையின் பாதத்தில் வைத்து எடுத்த அளவை, வலது கையில் ரெண்டு விரலை விரித்துப் பிடித்தபடியே கொண்டுவந்திருந்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுத்தது, கம்பியைப் பிடித்தது எல்லாம் இடது கையால்தான். என் கடை வாசல் வரைக்கும் அந்த இடைவெளி ஒரு நூல்கூடக் குறையவில்லை.

நான் எழுந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டேன். அவரும் மரியாதை தெரிந்தவர். ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டார். சேர்ந்துபோன விரல்களைப் பார்த்ததும்தான் அளவு போனது அவருக்குத் தெரிந்தது. அப்புறம் கோபமில்லாமல் சொன்னார்: "போச்சுங்க. கடைய சாத்திடாதீங்க, வீட்டுக்குப் போயி எடுத்துகினு ஜல்தியா வந்துடறேன்."

நான் விட்ட கதை

ரேவதி பட்டு நெய்கிறவள். கூடத்தில் குழித்தறி. குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். எழுந்துபோனால் குழி திறந்து கிடக்கும். அவள் மகள் பதினோரு மாதத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டாள். "நான் அடுப்பாண்ட இருக்கறப்ப இவ எங்க சுத்திகினு இருக்கான்னு காதுல விழணும் தாத்தா. அந்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்றாள்.

மிதித்தால் கீச்சு கீச்சு என்று கத்தும் ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சமதரையில் சும்மா கத்தும், பள்ளத்துக்கு ஒரு முழம் கிட்டே போனால் தானாக அலறும், உள்ளே அதற்கென்று தனி ஸ்பிரிங் இருக்கிறது என்று அடித்துவிட்டேன். அவள் ஷூவை நாலு தடவை அமுக்கிப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். "சரி தாத்தா, இதையே கட்டுங்க."

தறிக்குப் பக்கத்தில் செருப்பா

மறுநாள் அவள் மாமனார் டப்பாவோடு வந்து நின்றார். என் வயசுக்காரர். "இன்னாய்யா பேஜாரு இது? தறி இருக்கிற எடத்துல நாங்களே செருப்பு போட்டுகினு நடக்க மாட்டோம். அது எங்களுக்குச் சாமி. பேத்தி மட்டும் போடலாமா?" என்றார்.

விற்ற சாமானைத் திருப்பி வாங்கிப் பழக்கமில்லாதவன் நான். "தெருவை மிதிச்சாத்தான் அது செருப்பு. மிதிக்கிற வரைக்கும் அதுவும் ஒரு துணிமணிதான். தெருவுக்குப் போகாம வீட்டுக்குள்ளயே போட்டு வுடுங்க" என்றேன். மனிதர் யோசித்தார், தலையை ஆட்டினார், டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டார். போகும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீ சொல்றதும் சரிதான். குழியாண்ட போனா அதுவா அலறுமாமே, இனிமே நாங்க ஒரு கண்ணு வெச்சிகினே இருக்கத் தேவையில்ல."

பலகை

அன்றைக்கு வியாபாரம் ஓடவில்லை. யார் வந்தாலும் அந்தக் குழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன். விசாரித்துக்கொண்டு போய் ரேவதி வீட்டு வாசலில் இறங்கும்போது உள்ளே கீச்சு கீச்சு என்று கேட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் சத்தம் நின்றுபோனது. எழுபது வயசில் நான் அப்படி ஓடியதை ஆரணியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கே அது என் கால்தானா என்று சந்தேகம்.

தறியில் ஆளில்லை. குழி இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான பலகை மூடியிருந்தது. அதன்மேல் பாப்பா உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து வந்த ரேவதியிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: "அம்மா, நான் சொன்னது பொய். அது பள்ளத்தப் பாத்து அலறாது."

அவள் முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "தெரியும் தாத்தா. நீங்க கதை அளந்துகினு இருக்கறப்பவே யோசிச்சேன், நெசமா அலறினாலும் நான் அங்கேருந்து ஓடியாறதுக்குள்ள இவ குழியில கெடப்பாளேன்னு. இன்னிக்கு காலையில மாமா உங்க கடைக்குப் போயிருந்தப்பவே ஆசாரிய கூப்ட்டு மூடி அடிச்சிட்டேன். ஆனா நீங்க சொன்னத நேத்து சிரிப்பா அவராண்ட சொன்னேன், அவரு அப்டியே நம்பிகினு, 'ஷூ இருக்கும்போது மூடி எதுக்கு'ன்றாரு. அவரோட நம்பிக்கைக்கும் சேத்துதான் மூடி போட்டிருக்குது."

நாற்பது வருஷமாக என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு கதையைக் கடையிலேயே விட்டுப்போன தாய்மார்கள் அத்தனை பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.