அதிரசம் கேட்ட பேய்

நான் பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் சொந்தமாக இருக்கிறது. என் தங்கச்சி புருசன் ஜெயங்கொண்டத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அவனிடம் இருந்தது கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். அதில் அவன் எடுத்த பேய்ப் படத்துக்கு மண்டபமே எழுந்து கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நானும் பேய்ப் படம்தான் எடுத்தேன். அரியலூர் பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் எடுத்தேன். புகை, நீல வெளிச்சம், வெள்ளைச் சேலை, ஒன்றும் குறையில்லை. பேய்ப் படத்தில் சிரிப்பு வைக்கிறவன் பயமுறுத்தத் தெரியாதவன் என்பது என் கட்சி.

அவன் கதையைச் சொல்லுமுன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா சர்க்கரை நோயில் போனார். முதல் வருசப் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். அதிரசத்தை மட்டும் அம்மா எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். கேட்டால், "அவருக்கு சுகர் இருக்குல்ல" என்றாள். வருசக்கணக்காக அவர் தட்டிலிருந்து இனிப்பை எடுத்த கை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. "செத்தவருக்கு என்னம்மா சுகரு? அறிவிருக்கா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அம்மா என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். "சாப்பிடு." "கதவச் சாத்து." அவ்வளவுதான்.

என் படத்தைப் பார்த்தால் அவள் முகம் மாறும் என்று நம்பினேன். வீடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் பிடித்துக் குறும்படங்கள் போட்டோம். அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். என் படம் ஓடும்போது ஆட்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். அம்மா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவன் படம். லைட் இல்லாததால் அவன் பேய் பட்டப்பகலில் வருகிறது. முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒரு வீடு. செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்கிறார்கள், எங்கள் பக்கத்து வழக்கப்படி. உள்ளே இலை சரசரக்கிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. கதவைத் திறந்தால், முகமெல்லாம் பவுடரோடு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அதிரசம் எங்கடி?"

எல்லாரும் அலறி ஓடுகிறார்கள். பெண்டாட்டி மட்டும் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "மாத்திரை போட்டீங்களா?"

"செத்தவனுக்கு என்னாடி சுகரு?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் அடுப்படியிலிருந்து ஓர் அதிரசம் எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து பிட்டுப் பாதியை ஊட்டுகிறாள். மீதியை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். "பாதி போதும்." பேய் அழுகிறது. சற்று முன் சிரித்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், அவன் கையைப் பிடித்தாள். "அப்புடியே அவருதான் மாப்ள. அப்புடித்தான் கேட்டிருப்பாரு."

செத்தவனுக்கு என்ன சுகரு என்பது என் வாயிலிருந்து வந்த பேச்சு. நான் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போனது. பேய் சொன்னால் சிரிக்கிறாள்.

வெளியே அவனை நிறுத்தினேன். "எங்க வூட்டுக் கதையத் திருடிட்டீங்களே மாப்ள."

"ஆமா மச்சான். நீங்க எடுப்பீங்கன்னுதான் பாத்தேன். படையல் அன்னைக்கு கேமரா ஒங்க தோள்லதான தொங்குச்சு?"

அப்புறம் பேயும் சிரிப்பும் கலந்த படங்களாகத் தேடிப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். வெளிச்சம் சரியில்லை, சத்தம் சரியில்லை. ஆனாலும் விடாமல் பார்த்தேன். அலறிய வாய் மூடுவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்து இளகிய நெஞ்சுக்குள் அழுகை சுலபமாக நுழைந்துவிடுகிறது. அந்தப் பேய்கள் யாருக்காவது அப்பனாக, பெண்டாட்டியாக இருக்கின்றன. என் பள்ளத்துப் பேய் யாருக்கும் யாருமில்லை.

இந்த வருசப் படையலில் அம்மா அதிரசத்தை இலையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து அவன், "மாத்திரையையும் வச்சிருங்கத்தே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அலமாரியிலிருந்து அப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்துவந்தேன்.

"தேதி முடிஞ்சு போச்சும்மா."

"அவருக்கும்தாண்டா முடிஞ்சிருச்சு" என்று சொல்லி அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு வருசம் கழித்து வந்த பேச்சு. சந்தோசம்தான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். மாத்திரையை எடுத்துவந்தவன் நான். வைக்கச் சொன்னவன் அவன். அது எனக்கு ஏன் தோன்றவில்லை?