கோட்டுக்கு மேல் ஊற்றிய எண்ணெய்

என் தம்பியின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இப்போது மடங்குவதில்லை. வீரபாண்டியில் இருக்கும் என் பனியன் கம்பெனியில் அவன்தான் கட்டிங் மாஸ்டர். அந்தக் கை போனால் அவன் தொழிலும் போச்சு. கேட்பவர்களிடமெல்லாம், டிராக்டர் எஞ்சின் தறிகெட்டு ஓடியதில் அடிபட்டது என்று சொல்லி வருகிறேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, மகள் காலேஜ் போகிறாள். ஆனாலும் போன வருடம்கூடக் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்திருக்கிறேன், அளவு மாற்றி வெட்டிவிட்டான் என்று. அப்புறம் பார்த்தால் அளவை மாற்றிச் சொன்னவன் நான்தான். அவன் மேசைக்குத் திரும்பிப் போய் அடுத்த லாட்டை வெட்ட ஆரம்பித்தான்.

பொங்கலூர்த் தோட்டத்தில் அப்பா வாங்கிப் போட்ட பழைய டிராக்டர் ஒன்று நிற்கிறது. கலப்பையை இழுக்கும், டிரெய்லரை இழுக்கும். மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரை மாட்டினால் மட்டும் பாதிக் காட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். என் மனைவியின் தம்பி புதுசாக ஒரு டிராக்டர் எடுத்திருந்தான். ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு, "ஏனுங் மாமா, இதக் கொண்டுபோய்ச் செல செதுக்கற திருமுருகன்பூண்டில நிறுத்தீருங்க. செலையோட செலையா நிக்கட்டும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வண்டியில் அவன் கண் முன்னால் ரொட்டவேட்டர் ஓட்டிக் காட்டாவிட்டால் நான் ஆம்பளையே இல்லை என்று அங்கேயே கத்திவிட்டு வந்தேன்.

டீசல் எஞ்சின் வேலையில் கை தேர்ந்த பாய் ஒருவர் இருக்கிறார். எங்கள் கம்பெனி ஜெனரேட்டரையெல்லாம் அவர்தான் பார்ப்பார். அவரைத் தோட்டத்து ஷெட்டுக்கே கூட்டி வந்தேன். சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டார். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் வந்து நட்டு போல்ட்டைக் கழுவிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் பூட்டி முடிந்தது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "ஜும்மா முடிச்சுட்டு வந்தர்றனுங்க. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க. அந்தக் காத்துக் குழாய் வாயில பிசிறு இருக்குது, அரம் போட்டு வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குழாய் என் வேலை. காற்று அதிகம் போனால் பவர் அதிகம் வரும் என்று, பழைய குழாயைக் கழற்றிவிட்டு அகலமான இரும்புக் குழாயை நானே ஆக்சா பிளேடால் அறுத்து மாட்டியிருந்தேன். அதற்கு அடியில் காற்று வடிகட்டும் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்தால் தூசியெல்லாம் அதில் படிந்துவிடும். எதுவரை ஊற்றலாம் என்று கிண்ணத்தின் உள்ளே ஒரு கோடு உண்டு. எங்கள் காட்டுப் புழுதிக்கு அந்தக் கோடு எந்த மூலைக்கு என்று விளிம்பு வரை ஊற்றினேன். அன்றைக்குக் கம்பெனிக்குப் போகாமல் வந்திருந்த தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

கிண்ணத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மச்சினனின் கார் வந்து நின்றது. "என்னுங் மாமா, செல எந்திரிச்சுதுங்களா?" என்றான்.

அரமாவது மண்ணாவது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். முதல் நிமிடம் அருமையாகத்தான் ஓடியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் எஞ்சின் கிண்ணத்து எண்ணெயை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. உறிஞ்சிய எண்ணெயையே குடித்து எகிறியது. டீசலை நிறுத்தினேன், நிற்கவில்லை. சத்தம் ஏறி ஏறி ஊளையாக மாறியது. வெள்ளைப் புகை ஷெட்டை மூடியது. வண்டி முழுக்கக் கிடுகிடுவென்று ஆட, பக்கத்து மேசையில் இருந்த ஸ்பேனர்கள் குதித்துக் கீழே விழுந்தன. மச்சினன் வெளியே ஓடினான். எந்த நொடியும் எஞ்சின் வெடித்து இரும்பு பறக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் வண்டி போகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. "கொழாய அடைடா, துணிய வெச்சு அடைடா" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

வேறு ஊராக இருந்தால் ஒரு பலகையோ தகரமோ எடுத்திருப்பான். எங்கள் பனியன் ஊர்க்காரனுக்குத் துணி என்றால் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்தான். துடைக்க அது, பிடிக்க அது, அடைக்கவும் அது. ஷெட்டிலும் ஒரு மூட்டை கிடந்தது. இரண்டு கை நிறைய அள்ளிக் குழாயில் திணித்தான். பின்னிய துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும் அல்லவா? நீண்டு, மெலிந்து, அத்தனையும் உள்ளே போய்விட்டது. எஞ்சின் இன்னும் அலறியது. உடனே தம்பி வலது உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்து அழுத்திவிட்டான்.

காற்று இல்லாமல் எஞ்சின் திணறி, இரண்டு உதறு உதறி, நின்றது.

இறங்கிப் போய் அவனை அறைந்தேன். "கட்டிங் மாஸ்டர் தானடா நீ? பனியன் துணி இழுபடும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவன் கையைக் குழாயிலிருந்து பிய்த்து எடுத்தான். அப்போதுதான் ரத்தத்தைப் பார்த்தேன். நான் அரம் போடாத பிசிறு உள்ளங்கையை வட்டமாக அறுத்திருந்தது. உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது. மூட்டையில் மிச்சமிருந்த பனியன் துணியைச் சுற்றினேன். ரத்தத்தை மட்டும் அது நன்றாகக் குடித்தது.

மச்சினன் காரை ஓட்டினான். நானும் தம்பியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பல்லடம் ஆஸ்பத்திரி வருவதற்குள் அவன் உதடு வெளுத்துவிட்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "எப்படிடா எண்ணெயக் குடிச்சுது அந்தச் சனியன்?" என்றேன்.

"கோட்டுக்கு மேல ஊத்துனீங்ணா. பாத்துட்டுத்தான் நின்னனுங்."

"அப்பவே சொல்லித் தொலையறதுக்கென்னடா?"

"சொன்னா அடிப்பீங்ணா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னான். மச்சினன் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். தம்பியின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. துடைத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

தம்பி கண்ணை இறுக மூடி, முகத்தைக் கார்க் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பாய் துணியையெல்லாம் எடுத்துச் சரிசெய்து கொடுத்த டிராக்டர் இப்போது ரொட்டவேட்டரை நிற்காமல் இழுக்கிறது. ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன். நான் ஏறுவதில்லை.