தர்மலிங்கம் ஐயாவின் வெண்கட்டிக் கோடு

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கையால் போகும்போது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் முன்னாள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் தர்மலிங்கம் காலமானார் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனது. கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனேன். "ஆரு, அந்த மதகு உடைஞ்சதுக்குக் காரணமான லாப் ஐயாவா?" என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். அந்த ஓம் சொன்ன வாயோடு சும்மா இருக்க முடியாமல்தான், அவரோடு வேலை செய்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் நல்ல மனுசன் என்று செத்த வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் வாய் நல்ல வாய் இல்லை. நான் அங்கே சேறு வழிக்கும் கூலியாளாகச் சேர்ந்த முதல் நாள், எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். ஐந்து என்றேன். "அப்ப மம்பெட்டியில எந்தப் பக்கம் பிடிக்கிற எண்டாவது தெரியுமா?" என்றார். சுற்றி நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். நான் மம்பெட்டியைப் பிடித்தேன்.

குளத்துத் தண்ணீரில் படிகாரம் போட்டால் அடியில் சேறு தங்கும். அதை மணல் பாத்தியில் விட்டுத் தண்ணீரை வடித்தால், வெடித்த வயல் மாதிரிக் கட்டி கட்டியாகக் கிடக்கும். அந்தக் கட்டிகளை உழவு மிசின் பெட்டியில் ஏற்றி, வாய்க்காலுக்கு மேலே கட்டிய மதகுப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பழைய கிடங்குகளை நிரப்புவார்கள். மதகு பழையது, கூடிய பாரம் தாங்காது. ஒரு லீற்றர் சேறு எத்தனை கிலோ என்று ஒவ்வொரு பாத்திக்கும் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று பெட்டியின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் கோடு போடுவது ஐயாவின் வேலை.

அந்தக் கணக்குக்குச் சேற்றை அளக்கும் ஐந்து லீற்றர்த் தகரப் பேணியை நிரப்ப அவர் பழக்கியது என்னைத்தான். வெறும் பேணியை நிறுக்க வேண்டும். மூன்று தரமாகச் சேறு போட்டு, ஒவ்வொரு தரமும் தடியால் அமத்த வேண்டும். மறுபடி நிறுத்து, பேணியின் நிறையைக் கழித்து, ஐந்து லீற்றரால் பிரிக்க வேண்டும். ஏன் அமத்த வேண்டும் என்று கேட்டேன். "பெட்டியில ஏத்துறவன் மிதிச்சு மிதிச்சுத்தான் ஏத்துவான். பேணிக்குள்ள காத்தை விட்டியெண்டால் கணக்கு உன்னை ஏமாத்தும் புள்ள" என்றார். அந்தக் கணக்கை நான் வாயாலேயே பிரித்துச் சொல்வேன். அவர் கணக்கு இயந்திரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுதிக்கொள்வார். அவர் ஒருவரையும் அதற்கு மேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் இஞ்சினியருக்கு முன்னால் அவர் சொன்ன கணக்குப் பிழைத்தது. பிழை என்று சொன்னேன். பிழைதான். ஆனால் அவர் திரும்பி, "சேறு வழிக்கிறவ எனக்குப் படிப்பிக்க வந்திருக்கா. இவவின்ர பேரப்பிள்ளையளும் இந்தப் பாத்தியிலதான் படிக்கும்" என்றார். என்னைச் சொன்னதைப் பொறுத்தேன். பிள்ளைகளை இழுத்ததைப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் காலை பேணியை நான் நிரப்பினேன். எங்கள் வயல் வட்டையில் நெல் அளக்கும்போது மரைக்காலைக் குலுக்கி அமத்துகிறவனைக் கள்ளன் என்பார்கள். மேலே இருந்து சொரிந்து, கையால் வழித்துவிட வேண்டும். அன்று என் கை அப்படித்தான் அளந்தது. பழக்கத்தில் வந்த பிழை என்று கனகாலம் எனக்கே சொல்லி வந்தேன். ஆறு கிலோவுக்கு மேல் காட்ட வேண்டிய பேணி ஐந்துக்குக் கொஞ்சம் கூடக் காட்டியது. ஐயா ஒரு கூட்டத்துக்கு வெளிக்கிட்டு நின்றார்.

"அமத்தினியா?"

"ஓம் ஐயா."

அன்றைய சேறு பாரம் குறைவு என்று நம்பி, கோட்டை ஒரு சாண் உயர்த்திப் போட்டுவிட்டுப் போனார். பத்து மணிக்கு, பெட்டி ஏறியதும் மதகு இடிந்தது. மிசின் ஓட்டிய யோகனுக்கு வலது கால் முழங்காலோடு போனது.

விசாரணையில் ஐயா ஒளிக்கவில்லை. நிரப்பியது பாக்கியம் என்று என் பேரைச் சொன்னார், நின்று பார்க்காதது தன் பிழை என்றார். என்னைக் கேட்டார்கள். "நான் அஞ்சாம் வகுப்பு. அடர்த்தி எண்டால் என்னெண்டு எனக்கு விளங்காது. ஐயாதான் நிரப்பினவர்" என்றேன். என் படிப்பைப் பற்றி அவர் இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லி வைத்ததைத்தான் நானும் சொன்னேன். அதனால் உடனே நம்பினார்கள். வேலை போய் வெளியே வந்தவர் வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

"பொய்யை மட்டும் நல்லா அமத்தி நிரப்பிற்றாய் புள்ள."

மறுகா, சாகும் வரைக்கும், அவர் என்னோடு பேசவில்லை. சுகமில்லாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் வாசல் படலையோடு திரும்பினேன்.

செத்த வீட்டுக்கு யோகன் வந்திருந்தான். முகம் பார்க்க உள்ளே போகாமல், ஊன்றுகோலைச் சாத்திவிட்டுப் பந்தலின் கீழ் இருந்தான். ஏன் வந்தாய் என்று கேட்டேன். "உண்மையாவே போறாரா எண்டு பார்க்க வந்தன் அக்கா" என்றான். அவனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பேணியை நிரப்பியது நான் என்று சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. கனநேரம் என் கையையே பார்த்தான்.

"இருபத்தைஞ்சு வருசமா நான் அந்தாளை மண் அள்ளித் திட்டினனே அக்கா" என்றான். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அன்று ஐயாவின் வேலை போன பிறகு பேணி நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் இருந்த மேசையில் என்னை வைத்தார்கள். அந்த வேலையில் மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். பேத்தி வந்தாறுமூலையில் கம்பஸ் படிக்கிறாள், அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். தர்மலிங்கம் ஐயாவிடம் இருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அவருடைய கதிரை. அவர் அதைத் தரவில்லை. நான் எடுத்தேன்.