சீமைக் காரும் எங்கள் அம்பாசிடரும்

அந்தக் காரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். கார் என்ன செய்யும் பாவம், குமட்டல் அதன் சொந்தக்காரரை நினைத்துத்தான். அக்காவின் கணவர், என் அத்தான், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்ததும் ஒரு பழைய சீமைக் காரை வாங்கி, மெருகு போட்டு, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "லண்டன் சரக்காக்கும். ஒரு ஆணி கூட நம்ம நாட்டுது கிடையாது" என்பார்.

பச்சைப் பொய். உள்ளே ஓடுவதில் பாதி அம்பாசிடர் சாமான். அந்தக் காரைச் செய்த சீமைக் கம்பெனி, அதே எஞ்சினைப் போட்டு சாதாரண ஜனங்களுக்கும் ஒரு கார் செய்தது. அதுதான் கப்பலேறி வந்து இங்கே அம்பாசிடர் ஆயிற்று. பணக்காரனுக்குத் தோல் சீட்டு, மரத்தில் டாஷ்போர்டு, எடுப்பான மூக்கு. பானெட்டுக்கு அடியில் இரண்டும் ஒன்று. ஒரே பானைச் சோற்றை வெள்ளித் தட்டிலும் வாழையிலையிலும் விளம்புகிற மாதிரி. கம்பெனி செய்ததை நான் குறை சொல்லவில்லை. விளம்பின பிறகு, இலையில் தின்பவனைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறானே, அவனைத்தான் சகிக்கவில்லை.

குன்னத்துகாலில் எங்கள் வீட்டு ஷெட்டில் அப்பா விட்டுப்போன பழைய அம்பாசிடர் நிற்கிறது. அத்தான் அதில் உட்காருவதென்றால் முதலில் சீட்டில் கைக்குட்டை விரிப்பார். "டாக்ஸி நாத்தம்" என்பார். ஆனால் அவர் கார் வழியில் நின்றால் நேரே எங்கள் ஷெட்டுக்குத்தான் வருவார். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டு போனார். பிறகு பெட்ரோல் பம்ப். "ரெண்டு நாள்ல தாறேன் மக்கா" என்பார். எதுவும் திரும்பி வராது. நான்தான் அலைந்து வேறு வாங்கிப் போடுவேன். எங்கள் சாமானில் பொறித்திருந்த இந்தியக் கம்பெனிப் பெயரை அவர் உப்புத்தாளால் தேய்த்து அழிப்பதை ஒருமுறை பார்த்தேன். அன்று அவர் வீட்டில் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அம்மாவுக்கு நோய் வந்தபோதுதான் இது தாங்க முடியாததாகிவிட்டது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போகவேண்டும். போகும்போது முன்சீட்டில் சாய்ந்துகொள்வார், திரும்பும்போது பின்சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார். அத்தான் பெட்ரோல் பம்பைக் கழற்றிக்கொண்டுபோன வாரத்தில் ஆட்டோவில்தான் போனோம். குலுக்கலில் வழியெல்லாம் வாந்தி. அத்தானிடம் அவர் காரைக் கேட்டேன். "லெதர் சீட்டாக்கும். வாந்தி எடுத்தா வாடை போவாது" என்றார். அம்மா காதில் விழும்படியே சொன்னார். ஒரு மனுஷனிடம் எனக்கு இவ்வளவு அருவருப்பு வரும் என்று அதுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரைப் பேசியிருந்தார், லண்டன் கார் என்று நம்பி. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அத்தான் போன் செய்து எங்கள் கார்புரேட்டரைக் கேட்டார். நாளைக் காலை அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவை முன்சீட்டில் இருத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுக்க உள்ளே போனேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. ஓடிவந்தேன்.

அத்தான் எங்கள் கார் பானெட்டைத் திறந்து, கையில் ஸ்பேனருடன் குனிந்திருந்தார். அம்மா உள்ளே இருக்கும்போதே. "அஞ்சு நிமிஷம் மாமி, இன்னிக்கு ஆட்டோல போங்கோ" என்றுவிட்டுத் திறந்தாராம். அம்மாவுக்குச் சத்தம் போட சக்தியில்லை. கையை நீட்டி ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தார்.

அக்கம்பக்கம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மண்கையோடு வந்தார். அம்மா அப்போதுதான் கையை எடுத்தார்.

"எந்தா, வண்டிக்கு என்ன?" என்றார் அவர்.

"எங்க மாப்பிள்ள அவரு காருக்கு இதுல இருந்து சாமான் எடுக்காரு" என்றார் அம்மா. குரல் மெலிந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் பானெட்டுக்குள் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். "அப்ப லண்டன் சரக்குன்னு சொன்னது இதா?"

அத்தானின் வெள்ளை வேட்டியில் கிரீஸ் அப்பியிருந்தது. ஸ்பேனரை அதன்மேலேயே துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரோட்டில் இறங்கி நடந்தார்.

கார்புரேட்டரில் ஒரு நட்டுகூட இன்னும் கழன்றிருக்கவில்லை. நான் பானெட்டை மூடினேன். வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. காரக்கோணம் ரோட்டில் திரும்பும்வரை அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"ஹாரனை மட்டும் அவருக்குக் குடுத்திராத மக்கா" என்றார்.