மரத்த வாயில் சொன்ன மூன்று நாள்

யாராவது விடுப்புக் கேட்டு வந்தால் சித்தப்பாவின் இடது கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். பல்வலி உயிர் போகிறது, அப்புறம் பார்ப்போம் என்பார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாலை ஷிப்டு மேற்பார்வையாளர். வீட்டு வாசல்வரை வந்து கேட்பவர்களுக்கும் இதே கன்னம்தான். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வந்தவர் தெருமுனை திரும்பியதும் அதே கடைவாயில் வறுத்த கடலையை அரைப்பார்.

கடைசியில் அந்தப் பல் நிஜமாகவே மக்கர் செய்தது. ஞானப்பல் குறுக்கே படுத்திருக்கிறது, ஈறைக் கீறித்தான் எடுக்கவேண்டும், மூன்று நாள் ஓய்வு என்றார் பல் டாக்டர். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மேற்பார்வையாளர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் அவர் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பார். பிறகு அவருக்கு இவர் அதே அளவு திருப்பிச் செய்யவேண்டும். 'மாத்து' என்போம். சித்தப்பா ஒருவருக்கும் மாத்து செய்ததில்லை. அதனால் ஒருவரும் சிக்கவில்லை. மாத்து நோட்டை எழுதுகிறவன் நான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா.

பல் ஆஸ்பத்திரிக்கும் என்னையே இழுத்துப்போனார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படிக்கச் சொன்னார். டாக்டர் நன்றாகப் படித்தவர்தான் என்றேன்.

"நீயுந்தான் படிச்சிருக்க. உன்கிட்ட பல்லைக் குடுப்பனா?"

ஊசி போட்டு, வாய் மரத்துப்போகக் காத்திருந்தபோது காலை ஷிப்டு மேற்பார்வையாளர் அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். அடுத்த மாதம் அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை.

"மூணு நாள் நான் பாக்குறேன். அடுத்த மாசம் எனக்கு நீங்க மூணு நாள் பாக்கணும். சரியாண்ணே?"

"சரிம்மா" என்றார், கோணிய வாயால். வழிந்த எச்சிலை நான்தான் துடைத்துவிட்டேன்.

மூன்று நாள் ஒரு பக்கக் கன்னம் பலூனாக இருந்தது, பேச்சு இல்லை. நம் வீடு இவ்வளவு அமைதியான வீடா என்று சித்தி ஆச்சரியப்பட்டாள். தொழிற்சாலையில் அக்கா, கேட்ட இரண்டு பேருக்கு விடுப்புக் கொடுத்தார். பெட்டிகள் வழக்கம்போல லாரி ஏறின. பல் பிடுங்கிய இடத்தைவிட இதுதான் சித்தப்பாவுக்கு அதிகம் வலித்தது.

அடுத்த மாதம் அக்கா வந்து நின்றார். நோட்டில் அவர் பார்த்த மூன்று நாளும் இருந்தன. திருப்பிச் செய்வதாகச் சித்தப்பா போடவேண்டிய கையெழுத்து மட்டும் இல்லை. மரத்த வாயில் என்ன உளறினேனோ, அதெல்லாம் பேச்சில் சேராது என்றார் சித்தப்பா. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ பக்கத்துலதானே இருந்த? சொல்லுப்பா."

"எனக்குச் சரியா கேக்கலக்கா."

மூன்று வருடம் கல்லூரியில் படித்தது இதைச் சொல்லத்தானா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறது.

அக்காவின் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனார். அந்த மூன்று நாளும் அக்கா ஷிப்டில் இருந்தார்.

போன வாரம் சித்தப்பா பதவி உயர்ந்து வேறு கிளைக்குப் போனார். மாலை போட்டு, கைதட்டி வழியனுப்பினோம். அவர் செய்யவேண்டிய மூன்று நாள் மாத்து இன்னும் நோட்டில் கிடக்கிறது.