ரோஸ்லின் அக்கா மூடிய ஜாக்குகள்

திருமங்கலம் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தபோது ரோஸ்லின் அக்காவின் தம்பி அழைத்தார். “அக்கா போயிருச்சு மேடம்.” வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அதை அவர் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கல்லூரியில் வணிகவியல் துறையில் அவரோடு பணியாற்றிய நம்மில் பலரும் அவர் வீட்டில் ஞாயிறு மாலைகளில் பாட்டுக் கேட்டிருக்கிறோம். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் முறைப்பார். “பேசணும்னா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அங்க எம்புட்டு வேணாலும் பேசலாம்.”

அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் வயர் எதுவும் செருகாமல் கிடந்த ஜாக்குத் துளைகளை அக்கா சந்தேகப்பட்டார். “சும்மா கெடக்குற ஜாக்கு ஊருச் சத்தத்தையெல்லாம் உள்ள இழுக்கும். ரப்பர் மூடி தூசியத்தான் தடுக்கும். இதுக்கு ஷார்ட் பண்ற மூடி வேணும்.” ஜாக்கின் நடுவையும் விளிம்பையும் உள்ளுக்குள் இணைத்துவிடும் சின்ன உலோக மூடிகள் அவை. ஒலி உள்ளே வரும் ஜாக்குகளில் மட்டுமே போடலாம். வெளியே போகிறவற்றுக்கு வெறும் ரப்பர்தான். ரெகார்ட் பிளேயருக்கான ஜாக்கில் முதல் ஜோடியைச் செருகியதும் இரைச்சல் நின்றுபோனது. அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. அக்கா மட்டும் தலையைச் சாய்த்து, “இன்னும் லேசா இருக்கு” என்றார்.

அந்த முதல் வெற்றிதான் எங்களை ஏமாற்றியது. வாரம் ஒரு ஜாக்காக மூடிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் பாட்டுப் போடாமல் வால்யூமைக் கூட்டிவைத்து, மூச்சைப் பிடித்துக் கேட்போம்.

“ஒனக்குக் கேக்குதா செல்வி?”

“இல்லக்கா” என்பேன்.

தம்பிக்குச் சிரிப்புத் தாங்காது. “எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு. மிச்சம் ஒன் காது ரெண்டுதான்க்கா. அதுக்கும் ஒரு ஜோடி வாங்கவா?”

“மொதல்ல ஒன் வாய்க்கு ஒண்ணு வாங்குடா.”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான்.

ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. தெருவே அடங்கியது.

“இப்பவும் கேக்குது” என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தம்பி எழுந்துபோய், ஏற்கெனவே செத்துக் கிடந்த ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினார். அக்கா இடது காதைப் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார். “இது மெஷினுல இல்லடா” என்றார்.

ஸ்கேனில் இடது காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டிக் கட்டி தெரிந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாங்கள் ஜாக்குகளை மூடிக்கொண்டிருந்த மாதங்களில் அது வளர்ந்திருக்கிறது. இந்த அஞ்சலியில் இதற்குக் கீழே ஆறுதலாக ஒரு வரி எழுத முயன்றேன். வரவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது அக்கா என்னைக் குனியச் சொன்னார். தன் இடது காதை என் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

“இப்பவாச்சும் கேக்கணுமே. உள்ள அம்புட்டு சத்தம் செல்வி.”

அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. அதைச் சொல்லவும் முடியவில்லை, தலையை எடுக்கவும் மனம் வரவில்லை. அவர் உறங்கும்வரை அப்படியே இருந்தேன்.

அந்த இரைச்சலை அவர் தனியாகவே கேட்டு முடித்தார். என்னிடம் இருப்பது என் காதுமடலில் பட்ட அந்தச் சூடு.